எங்கள் வீட்டு நாயின் நாற்றமும் என் ஓரகத்தியும்

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அது நாறியது. ஒருநாள் இரண்டுநாள் கதை இல்லை, ஏறக்குறைய இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் நான் என் ஓரகத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே இருந்தேன். நாயைப் பற்றிச் சொன்னால் அவளைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் போகிற வழியில் இருந்தது வீடு. மாமனார் ரிட்டயரானபோது கட்டியது. அவர் அதில் நான்கு வருஷம்கூட இருக்கவில்லை. கீழே மாமியார், நான், என் கணவர், ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகன். மாடியில் கொழுந்தனாருக்கென்று பிற்பாடு எழுப்பிய ஒற்றை அறை. சமையல் எல்லாருக்கும் கீழேதான்.

என் கணவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. படப்பையிலிருந்து அங்கே வேலைக்கு வரும் சிநேகிதர் ஒருவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒருநாள், பழைய லுங்கித் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். செம்பட்டை நிறம். கன்னத்தைத் தாண்டித் தொங்குகிற காது. கண் சரியாகத் திறந்திருக்கவில்லை. மகனுக்காகத்தான் கொண்டுவந்தேன் என்றார். மகன் நான்கு நாள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தான், பிறகு கிரிக்கெட் மட்டை பக்கம் போய்விட்டான்.

வளர்த்தது நான். பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரைக் கொதிக்க வைத்துக் கழுவி, தண்ணீர் கலந்த பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். அடுப்படி மூலையில் கோணி விரித்துப் படுக்க வைத்தேன். அதற்கு வைத்த பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியாருக்கு அது ‘டேய்’, எனக்குக் ‘கண்ணு’. கணவர் ஷிப்டுக்குப் போய், மகன் பள்ளிக்கூடம் போய், மாமியார் மதியம் கண்ணயர்ந்த பிறகு அந்த வீட்டில் விழித்துக்கொண்டிருப்பது நாங்கள் இருவர்தான். நான் அரிசியில் கல் பொறுக்கினால் என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்து, ஒரு வேலைக்கும் போகாமல் கல்யாணமாகி வந்தவள் நான். என்னை முழுசாக நம்பிய ஒரே ஜீவன் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வயது முடிந்தபோது நாற ஆரம்பித்தது. முதலில் மழையில் நனைந்த நாய் வாடைதான் என்று விட்டுவிட்டேன். வெயில் அடித்தது, வாடை போகவில்லை. புளித்துப்போன மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி. கூடத்துக்குள் அது வந்தால் விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்ப்பார்கள். மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு, “இன்னாம்மா, என் கூடையைவிட உன் நாய் நாறிக்கினு கீது” என்று சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மீன் வாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனாருக்குக் கல்யாணமானது. பெண் மாம்பலம். பி.காம். படித்து, ஷார்ட்ஹாண்ட் தெரிந்து, நுங்கம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று நாயைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்தேன். ஆரத்தி எடுத்து உள்ளே வந்து அவள் பாயில் உட்கார்ந்ததும், எப்படியோ கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தது. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாய் நேராக அவளிடம் போய், அரக்கு நிறப் பட்டுப்புடவை மடியில் தலையை வைத்தது. நான் பதறிப்போய் இழுக்கப் போனேன். அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள். குனிந்து அதன் கழுத்தில் முகத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

கூடமே அசந்துபோனது. எவ்வளவு நல்ல மனசு என்று ஒரு சித்தி சொன்னது என் காதில் விழுந்தது. நான் உள்ளே போய்ப் பாயசத்தைக் கிளறினேன். புது இடத்தில் நல்ல பெயர் வாங்க என்னவெல்லாம் செய்கிறாள் பார் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் வேஷம் கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

கலையவில்லை. அவள் ஆபீஸ் விட்டுத் தாம்பரம் வந்து இறங்கி, மேம்பாலப் படி ஏறி இறங்கி, நடந்து எங்கள் தெருமுனைக்கு வர ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். நாய் ஆறரைக்கே காதை ஆட்டிக்கொண்டு எழுந்து, தெருமுனை மாவு மில் வாசலில் போய் உட்கார்ந்துவிடும். யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். அன்றைக்கு மானேஜர் என்ன சொன்னார், ரயிலில் யார் இடம் பிடித்துச் சண்டை போட்டது என்றெல்லாம் அவள் அதனிடம் சொல்லிக்கொண்டே வருவாள். அதுவும் ஒவ்வொரு நான்கு அடிக்கும் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரும். சமையலறைச் சன்னல் வழியாக எனக்கு அது தெரியும். பகல் முழுக்கச் சோறு போட்டது நான், தண்ணீர் வைத்தது நான். வீட்டில் இரண்டு மணி நேரம் இருப்பவளுக்கு அந்தப் பார்வை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், நீ திட்டுகிறாய், அவள் கொஞ்சுகிறாள், நாய்க்குத் தெரியாதா என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் திட்டினேன். நாறுகிறது என்று திட்டினேன், தலையைச் சிலுப்பிச் சிலுப்பிச் சுவரில் பழுப்பாகப் புள்ளி வைக்கிறது என்று திட்டினேன். அதோடு, குளிப்பாட்டினேன். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அடிபம்பில் ஆறு வாளி அடித்து நிரப்பி, துவைக்கிற கல்லோடு சேர்த்துக் கட்டி, கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். வேப்பிலை கொதிக்க வைத்த தண்ணீர் ஒரு வாரம், சீயக்காய் ஒரு வாரம், எலுமிச்சம்பழம் ஒரு வாரம். தலையில் நாலைந்து குவளை ஊற்றாமல் விடமாட்டேன். காதை மடக்கித் தேய்த்து அதன் மேலேயும் ஊற்றுவேன். கடைசியில் மகனின் பவுடரை எடுத்து முதுகில் தூவுவேன். இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கும். சாயங்காலம் மறுபடியும் அதே வாடை, பவுடரோடு கலந்து.

எனக்கு உள்ளுக்குள் ஒரு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எப்படியாவது இந்த நாற்றத்தைப் போக்கிவிட்டால் நாய் என்னிடம் திரும்பிவிடும் என்று நம்பினேன். ஏன் அப்படி நம்பினேன் என்று இப்போது விளங்கவில்லை. நாய்க்கு அதன் நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. அதற்குத் தெரிந்தது, சோப்போடு வரும் என்னைப் பார்த்தால் ஓடவேண்டும் என்பதுதான். என் கையில் வாளியைக் கண்டாலே மாடிப்படிக்கு அடியில் போய் ஒடுங்கும்.

மட்டமான காரியங்களும் செய்தேன். புதன்கிழமைக் குளியலைக் காலையிலிருந்து மாலை ஆறரைக்கு மாற்றினேன். அப்போதுதானே மாவு மில்லுக்குப் போகமுடியாது. அவள் தனியாகத் தெருவில் நடந்து வருவதைச் சன்னலிலிருந்து பார்த்துத் திருப்திப்பட்டேன். இன்னொரு நாள், இனிமேல் நாய் மாடிக்குப் போகக்கூடாது என்றேன்.

“ஏன்க்கா?” என்று கேட்டாள்.

“நாறுதும்மா. மெத்தை எல்லாம் நாறிப்போகும்.”

“அப்படியா?” என்றாள்.

அந்த ‘அப்படியா’ என்னைச் சுட்டது. ஊரே மூக்கைப் பிடிக்கிறது, இவளுக்கு மட்டும் தெரியாதாமா, என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அவளுக்கு டிபன் டப்பாவில் ஊறுகாய் வைக்கவில்லை. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் எதை வைத்தாலும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வாள். அதையும் நான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. அடுத்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விடாத மழை. மாமியார் ஒரு சீமந்தத்துக்குப் பல்லாவரம் போயிருந்தார். என் கணவரும் கொழுந்தனாரும் மகனை அழைத்துக்கொண்டு முடி வெட்டப் போயிருந்தார்கள். நான் ஈர அரிசியை அரைத்து வாங்கிக்கொண்டு மில்லிலிருந்து வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே நாய் வராந்தாவில் நின்று உள்ளே பார்த்து முனகிக்கொண்டிருந்தது. இரண்டு படி ஏறியதும் வாடை அடித்தது. இது நாயின் வாடை இல்லை. கேஸ். மழைக்காக எல்லாச் சன்னலையும் சாத்தியிருந்தோம்.

சமையலறையில் அவள் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“கொளுத்தாதே” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். மாவுத் தூக்கைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். தீக்குச்சி கீழே விழுந்தது. இரண்டாவது அடுப்பின் திருகு பாதி திறந்திருந்தது. நான்தான் மில்லுக்குக் கிளம்பும் அவசரத்தில் குக்கரை இறக்கும்போது இடித்திருக்கவேண்டும். திருகை மூடி, சிலிண்டரை மூடி, பின்கதவையும் சன்னல்களையும் திறந்துவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு கிணற்றடித் தகரக் கொட்டகைக்கு வந்தேன். அவளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. நான் சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது.

“இவ்வளவு நாத்தம் அடிக்குதே, உனக்குத் தெரியலையா?” என்று கேட்டேன்.

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு வாசனையே தெரியாதுக்கா. ஒன்பது வயசுல ஜுரம் வந்து ரொம்ப நாள் படுத்துக் கெடந்தேன். எழுந்தப்புறம் மூக்கு செத்துப்போச்சு. நல்ல வாசனையும் தெரியாது, கெட்டதும் தெரியாது.”

பெண் பார்க்க வந்தபோது அதைச் சொல்லக்கூடாது என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாராம். கொழுந்தனாருக்கு மட்டும் தெரியும். “அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. குறையை மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்கன்னு நினைப்பாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லமாட்டேன் என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்குப் பரிதாபம் வந்திருக்கவேண்டும். வந்தது என்று எழுதினால் பொய். எனக்கு வந்தது நிம்மதி. பட்டுப்புடவையில் நாயைச் சாய்த்துக்கொண்டாளே, அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. எனக்கும் மூக்கு இல்லாமல் இருந்திருந்தால் நானும்தான் கொஞ்சியிருப்பேன். இத்தனை நாள் எதைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன் என்று இருந்தது.

நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, அவள் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே அவள் கேட்டாள், “இது நிஜமாவே நாறுதாக்கா? எல்லாரும் சொல்றாங்க. எப்படி நாறும்?”

எப்படிச் சொல்வது? புளித்த மாவு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? ஒன்பது வயதுக்கு முன்னால் மோந்தது ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பையில் மறந்துவைத்த இட்லி டப்பாவைத் திறந்தது நினைவிருக்கிறது என்றாள். அதேதான் என்றேன். “உடம்பு பூராவுமா?” என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷமாகச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், எங்கே நாறுகிறது என்று ஒருநாள் மோந்து பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதானே தேய்த்தேன். அவளுக்குச் சொல்லவேண்டுமே என்பதற்காக அன்றுதான் குனிந்தேன். முதுகில் வெறும் நாய் வாடை. வாலில் ஒன்றுமில்லை. வாயில் அவ்வளவாக இல்லை. இடது காதைத் தூக்கி மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதும் குமட்டிக்கொண்டு வந்தது. வலது காதும் அப்படியே. உள்ளே செக்கச் சிவந்து, கறுப்பாக மெழுகு மாதிரி அப்பியிருந்தது. காதைத் தொட்டதும் நாய் முனகித் தலையைச் சிலுப்பியது. சுவரில் பார்த்த பழுப்புப் புள்ளி கொட்டகைத் தூணில் தெறித்தது.

“காதுதான்” என்றேன்.

மறுநாள் அவள் ஆபீசுக்கு லீவு போட்டாள். மாட்டாஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிட்டோம். முதல் வண்டிக்காரர் நாயின் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்து, “இத்த ஏத்தினா சாயங்காலம் வரைக்கும் எவனும் என் வண்டில குந்தமாட்டான்” என்று போய்விட்டார். அடுத்தவர் கோணி விரிக்கச் சொல்லி ஏற்றிக்கொண்டார். அங்கே சினை மாடு ஒன்றும் ஆடுகளும் எங்களுக்கு முன்னால் நின்றன. நாயை அவள் கட்டிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் பஞ்சைச் சுற்றிக் காதுக்குள் விட்டுத் துடைத்து எடுத்து என்னிடம் காட்டினார். காபி டிகாக்‌ஷன் வண்டல் போல இருந்தது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு தடவைகூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அதாம்மா வியாதி. தொங்கற காது, காத்தே போகாது. நீங்க ஊத்தற தண்ணி உள்ளயே நிக்குது, அதுல பூஞ்சக்காளான் புடிச்சிருக்கு. நீங்க குளிப்பாட்டக் குளிப்பாட்ட நாத்தம் அதிகமாத்தான் ஆகும்.”

மாதத்துக்கு ஒரு குளியல் போதும், காதில் பஞ்சு அடைத்துவிட்டுக் குளிப்பாட்டவேண்டும், முடிந்ததும் துடைத்துக் காயவைக்கவேண்டும் என்றார். சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். காலையும் மாலையும் சுத்தமான பஞ்சால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் துடைத்து, மருந்து விட்டு, காதின் அடியை மெல்லத் தேய்த்துவிடவேண்டும். குறைந்தது மூன்று வாரம். தினமும் மோந்து பாருங்கள், வாடை குறைந்தால் குணமாகிறது என்று அர்த்தம் என்றார்.

திரும்பி வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். எத்தனை வாளி அடித்திருப்பேன். அத்தனையும் அந்த வாயில்லா ஜீவனுக்கு வலியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் மோந்து பார்த்ததால்தானே தெரிந்தது என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படி நல்லவிதமாகச் சொன்னதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து காது பார்த்தோம். என் கைக்கு நாய் அடங்காது, அவள் மடியில் அடங்கும். அவளுக்கு மூக்கு கிடையாது, எனக்கு உண்டு. ஆகவே அவள் ஆபீசுக்குக் கிளம்பும் முன் தாடையைப் பிடித்துக்கொள்வாள், நான் துடைத்து மருந்து விட்டு மோந்து பார்ப்பேன். “இன்னிக்கு எப்படிக்கா?” என்பாள். நேற்றைக்கு இன்று கொஞ்சம் தேவலை என்பேன். பத்தாம் நாளே சிவப்பு வடிந்தது. சுவரில் புள்ளி விழுவது நின்றது. கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவளுக்கு ஆபீசில் வேலை அதிகம், வரத் தாமதமாயிற்று. நானே தைரியமாக உட்கார்ந்து, அரை மணி நேரம் தாஜா செய்து, இரண்டு காதுக்கும் மருந்து விட்டேன். கடிக்கவில்லை, ஓடவில்லை. என் கையை ஒருமுறை நக்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போது கேட் சத்தம் கேட்டது. என் மடியிலிருந்து திமிறி எழுந்து, நான் என்று ஒருத்தி அங்கே இல்லாத மாதிரி, வாசலுக்குப் பாய்ந்தது. அவள் குனிந்து கொஞ்சுவதும், அது அழுவது போலச் சத்தம் போடுவதும் கேட்டுக்கொண்டே நான் மருந்து பாட்டிலை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை.

மறுநாள் பகலில் மாமியாரோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய்ச் சின்ன மருமகளிடம் வந்தது. எவ்வளவு பொறுமைசாலி, நாயைக்கூட முகம் சுளிக்காமல் பார்க்கிறாள் என்றார் மாமியார். அவ்வளவுதான், என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அவளுக்கு மூக்கே வேலை செய்யாது அத்தை. அதான் சுளிக்கலை. கல்யாணத்துல மறைச்சுட்டாங்க.”

சொன்ன உடனே, என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. மாமியார் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும். வந்த ரெண்டாம் மாசமே தெரியும். கெட்டுப்போன பாலை எடுத்துக் காபி கலந்துகிட்டிருந்தா. அதுலேர்ந்து பாலும் தயிரும் நான் பார்த்து வெச்சாதான் அவ எடுக்கிற மாதிரி வெச்சிருக்கேன். அவளா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்.”

“என்கிட்டகூட நீங்க சொல்லலையே” என்றேன்.

மாமியார் ஒரு பிஞ்சை எடுத்து நாரை உரித்தார். “நீ அவளைப் பார்க்கிற பார்வை நல்லா இல்ல. அதான் சொல்லல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பிஞ்சை எடுத்தார்.

வெட்கப்பட்டேன். ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளேயும் பொறாமைதான் இருந்தது. அவளுக்குத் தெரியாமலே பாலை மோந்து பார்த்து வைக்க ஒருவர் இருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் இந்த வீட்டில் குப்பை கொட்டினேன், எனக்காக யார் எதை மோந்து பார்த்தார்கள்?

அன்று மாலை காது துடைக்கும்போது, அத்தையிடம் உளறியதை அவளிடம் சொல்லிவிட்டேன். மறைக்கத் தெம்பில்லை. நாயின் தாடையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றன. அத்தைக்கு முன்பே தெரியுமாம் என்றதையும் சொன்னேன்.

“நீங்க ஏன்க்கா சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

நான் மருந்து விட்டாலும் அது உன்னிடம்தான் ஓடுகிறது, அது எனக்குத் தாங்கவில்லை என்றேன். முப்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு காரணத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவள் என்னோடு பேசவே இல்லை. காலையும் மாலையும் வந்து உட்காருவாள், தலையைப் பிடிப்பாள், மருந்து விட்டதும் எழுந்து போவாள். எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டாள். நானாகச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். மூன்று வாரம் முடிந்து நான்காவது வாரம் ஒரு காலையில், பழக்க தோஷத்தில், “இன்னிக்கு எப்படிக்கா?” என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்றுமே இல்லை, சுத்தமாகப் போய்விட்டது என்றேன். அழுதுவிட்டேன். அவள் நாயின் காதை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து பழையபடி பேச ஆரம்பித்தாள். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழுந்தனார் குரோம்பேட்டையில் ஃப்ளாட் வாங்கினார். சாமான்களை வேனில் ஏற்றிய அன்று நாயை நான் சங்கிலி போட்டுப் பிடித்திருந்தேன். நான் வளர்த்தது, இங்கேதான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் வந்து மண்டியிட்டு அதன் கழுத்தில் முகத்தை வைத்துவிட்டு, வேனில் ஏறினாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நாய் அன்று மாலை ஆறரைக்கு மாவு மில்லுக்குப் போனது. ஏழரைக்குத் தானாகத் திரும்பி வந்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும். மில்காரர் என்னிடம், பாவம் அது, ஒவ்வொரு பொம்பளை முகத்தையும் பார்க்கிறது என்றார். சோறு தட்டில் காய்ந்தது. கறிச்சாறு ஊற்றிப் பிசைந்தேன், நான்கு வாய் தின்றது. இரண்டு வாரம் பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலை யாரிடமும் கேட்காமல் ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டைக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அது நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

விட்டுவிட்டு வந்தாலும் முழுக்க விட முடியவில்லை. காது மறுபடி கெட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? கொழுந்தனாருக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. ஆகவே சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். நாய் வந்து வாலை ஆட்டும், மரியாதைக்கு ஆட்டுவது போல. இரண்டு காதையும் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஒரு மழைக்காலத்தில் லேசாகப் புளிப்பு வாடை தட்டியது, அன்றே மருந்து வாங்கி ஆரம்பித்தோம். ஐந்து வருஷம் அப்படிப் போனேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஒரு முள் உறுத்தும். அது குறையவே இல்லை, பழகிவிட்டது.

நாய் செத்தது அவள் வீட்டில்தான், தூக்கத்தில். காலையில் போன் செய்தாள். ஃப்ளாட்டில் புதைக்க மண் இல்லை, அங்கே கொண்டுவரட்டுமா அக்கா என்று கேட்டாள். கொண்டுவா என்றேன். கிணற்றுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் என் கணவரும் நானும் குழி வெட்டினோம். அவள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினாள். பார்க்க முடியாதபடி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் மண்ணைத் தள்ளும்போது, கடைசியில் என் வீட்டு மண்ணுக்குத்தானே வந்து சேர்ந்தது என்று ஒரு அற்ப சந்தோஷம் உள்ளே எட்டிப் பார்த்தது. அது என் முகத்தில் தெரிந்ததோ என்னவோ. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, மீதி மண்ணை அவளே தள்ளினாள்.